வெல்ஷுக்கு எபிரெயம் உறவா? பாங்கோரிலிருந்து அப்பாவுக்கு

பாங்கோர், வேல்ஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று நீங்கள் எழுதியிருந்தது ஆறுதலாக இருந்தது. பிள்ளைகள் பள்ளியில் கணக்கு முதற்கொண்டு வெல்ஷ் மொழியிலேயே படிக்கிறார்கள். அவர்களுடைய வீட்டுப்பாடத்துக்கு உதவுவதற்காகவே நானும் மாலை வகுப்பில் சேர்ந்தேன். அதை அறிந்து, "வெல்ஷ் எபிரெயத்துக்கு உறவுமொழி என்று இறையியல் கல்லூரியில் படித்த நாளில் கேள்விப்பட்டேன், மெய்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உறவு இல்லை, அப்பா. வெல்ஷ் கெல்டிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பிரான்சின் மேற்கு முனையில் பேசப்படும் பிரெத்தானும் ஐரிஷும் அதன் நெருங்கிய சொந்தங்கள், சமஸ்கிருதமும் இந்தியும் தூரத்துச் சொந்தங்கள். எபிரெயமோ அரபியோடும் எத்தியோப்பியாவின் அம்ஹாரிக்கோடும் பிறந்தது. மூன்று மெய்யெழுத்துகளை வேராக வைத்து நடுவில் உயிரை மாற்றிச் சொற்களைப் பிறப்பிக்கும் முறையை நீங்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்களே, அதன் சாயல்கூட வெல்ஷில் கிடையாது.

ஆனாலும் இப்படியொரு எண்ணம் ஏன் எழுந்தது என்பது பாடம் படிக்கப் படிக்க விளங்குகிறது. நம் வேதாகமத்தில் "ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்" என்று வினை கடைசியில் வருகிறது. எபிரெயத்தில் 'பாரா எலோஹீம்', வெல்ஷில் 'க்ரேயோத் திவ்'. இரண்டிலும் 'சிருஷ்டித்தார்' முன்னே, 'தேவன்' பின்னே. இன்றைய இஸ்ரவேலின் பேச்சு எபிரெயத்தில் பெரும்பாலும் எழுவாய் முன்னுக்கு வந்துவிட்டது. வெல்ஷோ இன்றைக்கும் வினையைத்தான் முதலில் வைக்கிறது. 'மேல்' என்னும் பொருள்தரும் சிறு சொல்லைப் பாருங்கள். என்மேல், உன்மேல், அவன்மேல், அவள்மேல் என்பதற்கு எபிரெயம் 'அலாய், அலேகா, அலாவ், அலேஹா' என்னும்; வெல்ஷ் 'அர்னவ், அர்னத், அர்னோ, அர்னி' என்னும். ஐரோப்பாவின் பெரிய மொழிகளில் பழகியவர்களுக்கு, உருபே ஆளுக்கேற்ப விகுதி எடுப்பது பெரும் வியப்பு. ஆங்கிலத்தில் உள்ளதுபோல 'உடைத்தாயிருத்தல்' என்பதற்குத் தனி வினையும் இரண்டிலும் இல்லை. 'எனக்கு உண்டு' என்கிற நம் வழக்கத்தைப் போலவே சொல்கிறார்கள். என் வகுப்பில் மற்றவர்கள் திணறிய அந்தப் பாடம் எனக்கு எளிதாக இருந்தது.

ஒற்றுமைபோலத் தோன்றி உள்ளே வேறாக இருப்பது சொல்லின் முதலெழுத்துத் திரிபு. இந்த ஊரின் பெயர் பாங்கோர். 'பாங்கோருக்கு' என்றால் 'ஈ வாங்கோர்', 'பாங்கோரில்' என்றால் 'அம் மாங்கோர்'. எபிரெயத்திலும் 'பாயித்' என்னும் வீடு, 'ஒரு வீட்டில்' என்கையில் 'பெவாயித்' ஆகிறது. 'பேத்' எழுத்தின் நடுவில் தாகேஷ் புள்ளி இருந்தால் ஓர் ஒலி, இல்லாவிட்டால் வேறொன்று என்று நீங்கள் சிவப்பு மையால் குறித்துக் காட்டியது நினைவிருக்கிறது. எபிரெயத்தில் முன்னால் வரும் உயிரொலியே அந்த மாற்றத்துக்குக் காரணம். வெல்ஷிலும் ஆதியில் அது நம் புணர்ச்சியைப் போல ஒலியால் நேர்ந்ததுதான். அந்த ஒலிகள் பல தேய்ந்து மறைந்த பிறகு, திரிபு மட்டும் இலக்கணமாக நிலைத்துவிட்டது. இருபத்துமூன்றாம் சங்கீதத்தில் இது தெளிவாகத் தெரியும்: 'மேய்ப்பர்' என்பது 'பிகைல்', 'என் மேய்ப்பர்' என்பது 'வ மிகைல்'. எபிரெயமோ 'ரோயே' என்பதன் முடிவை மாற்றி 'ரோயி' என்கிறது.

பதினேழாம் நூற்றாண்டில் சார்ல்ஸ் எட்வர்ட்ஸ் என்பவர் எபிரெயச் சொற்களையும் வெல்ஷ் சொற்களையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டார். பின்னர் இதே பாங்கோரில் பேராசிரியராக இருந்த ஜான் மோரிஸ்-ஜோன்ஸ், கெல்டியருக்கு முன் இத்தீவில் வாழ்ந்தோரின் மொழி எகிப்தியம் போன்றவற்றோடு தொடர்புடையதாக இருந்து, அதன் வாக்கிய அமைப்பே வெல்ஷில் தங்கியது என்று 1900இல் எழுதினார். பெரும்பாலான அறிஞர்கள் இதை ஏற்கவில்லை. வினையை முதலில் வைக்கும் மொழிகள் உருபைப் பெயருக்கு முன்னும் அடைமொழியைப் பின்னும் வைப்பது உலகெங்கும் காணப்படும் போக்கு. எனக்கு அந்த விளக்கமே பொருத்தமாகப் படுகிறது.

மெய்யான தொடர்பு வேதாகமத்தின் வழியாக வந்தது. 1536இல் வெல்ஷ் மொழி நீதிமன்றங்களிலிருந்து தள்ளப்பட்டது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, வில்லியம் மார்கன் என்னும் ஊர்ப்புறக் குருவானவர் பழைய ஏற்பாட்டை எபிரெய மூலத்திலிருந்தே பெயர்த்து, 1588இல் முழு வேதாகமத்தையும் வெளியிட்டார். அரசாங்கம் கைவிட்ட மொழிக்குப் பிரசங்க பீடம் இடம் கொடுத்தது. எழுத்துநடையும் அதிலிருந்தே நிலைபெற்றது. ஊர்ப்பெயர்களிலும் அதன் தடம் உண்டு. பக்கத்துக் கல்குவாரி ஊர் பெதஸ்தா, அங்கிருந்த ஆலயத்தின் பெயரால் அழைக்கப்படுகிறது. கேர்னார்வனுக்குத் தெற்கே நேபோ, கர்மேல், செசரியா என்ற சிற்றூர்களோடு ஒரு நாசரேத்தும் இருக்கிறது! நம் திருநெல்வேலிச் சீமை நாசரேத்தை நினைத்து அந்தப் பெயர்ப்பலகை முன் வெகுநேரம் நின்றேன்.

இன்னொரு தொடர்பு அண்மைக்காலத்தது. குடியேறி வந்தவர்களுக்கு எபிரெயம் கற்பிக்க 1949இல் எருசலேமில் தொடங்கிய 'உல்பான்' என்னும் தீவிர வகுப்புமுறையை, 1970களில் வெல்ஷ்காரர்கள் பெயரோடு எடுத்துக்கொண்டார்கள். எபிரெயம் ஜெபத்திலும் ஏட்டிலும் மட்டுமே வாழ்ந்திருந்த காலத்தில், அதை மீண்டும் பேச்சுமொழியாக்க 1881இல் எருசலேமுக்கு வந்த எலியேசர் பென் யெகுதா தம் மகனிடம் வேறு மொழி பேசக்கூடாதென்று உறுதியாக நின்றார். வெல்ஷின் வாழ்க்கை நேர்மாறானது: அது ஒருநாளும் வீட்டைவிட்டுப் போனதில்லை, ஆனால் வீடுகள் குறைந்துகொண்டே வந்தன. 1911இல் நூற்றுக்கு 43 பேருக்கு மேல் பேசினார்கள். 2021 கணக்கெடுப்பில் 17.8 விழுக்காடு, ஏறத்தாழ 5,38,000 பேர். 2050க்குள் பத்து லட்சம் என்பது அரசின் இலக்கு. பள்ளிகள் தம் பங்கைச் செய்கின்றன, அதை நான் கண்கூடாகக் காண்கிறேன். ஆனால் பள்ளி வாசலில் வெல்ஷ் பேசும் தாய்மாரில் சிலர் காரில் ஏறியதும் குழந்தையிடம் ஆங்கிலத்துக்கு மாறுவது எனக்கு வேதனையாக இருக்கிறது. நம் வீட்டில் தமிழ்தான், அதில் நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

121ஆம் சங்கீதத்தை எபிரெய உச்சரிப்போடு தமிழ் எழுத்தில் எழுதி அனுப்புங்கள். அதன் வெல்ஷ் பாடத்தை பிள்ளைகள் தங்கள் கைப்பட எழுதி உங்களுக்கு அனுப்புவார்கள்.

உங்கள் அன்பு மகள்