ஒளிப்படச் சஃபாரி என்று விற்றுவிட்டுச் சுற்றுலா வேனில் ஏற்றியது பற்றிய புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு மேலாளர் அவர்கள், தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: கென்யா ஒளிப்படச் சஃபாரி – சேவைக் குறைபாடு – பணத்தைத் திரும்பக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் அனுப்பிய மின்னஞ்சல்களுக்கெல்லாம் "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்ற பதிலையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். அதனால் இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்குகிறவராவது கடைசி வரை படிப்பார் என்ற நம்பிக்கைதான்.

நான் பணம் கட்டிய திட்டம் எது என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உங்கள் கையேட்டில் நடுப்பக்கத்தில், பக்கவாட்டில் கதவே இல்லாத லேண்ட் குரூசரில் ஒருவர் தரையோடு தரையாக லென்ஸை நீட்டிக்கொண்டு படுத்திருக்கும் படம் இருக்கிறதே, அந்தத் திட்டம். வண்டிக்கு மூன்றே ஒளிப்படக்காரர்கள், ஆளுக்கொரு வரிசை, லென்ஸைத் தாங்க ஆளுக்கொரு பீன்பேக், தங்குவது மாசாய் மாரா என்ற அரசு வனவிலங்கு ரிசர்வுக்கு வடக்கே உள்ள தனியார் வனக்காப்பகத்தில் என்று நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். கடந்த ஆகஸ்டில் எனக்குக் கிடைத்தது மூடிய வேன். கூரை மட்டும் மேலே எழும்பும். உள்ளே இரண்டு குடும்பங்கள், குழந்தைகள், முறுக்கு டப்பா, நான். அந்தக் குடும்பங்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்குச் சிங்கத்தைப் பார்க்க வேண்டும், பார்த்ததும் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்ப வேண்டும். அவர்களுடைய திட்டம் அது. என்னுடையது அதுவல்ல.

தங்குமிடமும் மாறிவிட்டது. புறப்படுவதற்குச் சற்று முன்னால் வந்த குறுஞ்செய்தியில் "இணையான தங்குமிடம்" என்று எழுதியிருந்தீர்கள். ரிசர்வின் செக்கெனானி நுழைவாயிலுக்கு வெளியே உள்ள விடுதி எப்படி இணையாகும்? காப்பகத்துக்குள் வண்டி பாதையை விட்டு இறங்கலாம், இருட்டிய பிறகும் சுற்றலாம். அரசு ரிசர்வுக்குள் பாதையை விட்டு இறங்கினால் அபராதம். நுழைவுச் சீட்டு காலை ஆறு முதல் மாலை ஆறு வரைதான். மாரா நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் சூரியன் ஆறரை வாக்கில் எழுந்து விறுவிறுவென்று உச்சிக்கு ஏறிவிடும். நல்ல வெளிச்சம் என்பது அந்த ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். அதை வாயிலில், டீசல் புகைக்கு நடுவில், சீட்டுக்கு நிற்கும் வண்டிகளின் வரிசையில் கழித்தேன். மெத்தை சரியில்லை, சாப்பாடு சரியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னேனா? சொல்லவில்லை. இரண்டும் நன்றாகவே இருந்தன. நான் வாங்கியது மெத்தை அல்ல.

இங்கே உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசிய அந்த நபரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் கேட்டேன், சொல்லவில்லை. அழைப்புகள் பதிவு செய்யப்படும் என்று ஒவ்வொரு முறையும் ஒலிக்கிறதே, எடுத்துக் கேளுங்கள். நான் வண்டியைப் பற்றியும் வெளிச்சத்தைப் பற்றியும் பொறுமையாக விளக்கி முடித்த பிறகு அவர் கேட்டது இது: "பறவைதானே சார், அதற்கு வேடந்தாங்கல் போதாதா?" பின்னால் யாரோ சிரிக்கும் சத்தமும் கேட்டது. ஐயா, வேடந்தாங்கலை நான் இளப்பமாக நினைப்பவன் அல்லன். பருவம் தவறாமல் போகிறவன். ஆனால் அங்கே செக்ரட்டரி பறவை கிடையாது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே எந்தக் காட்டிலும் கிடையாது. பணிக்கொடைப் பணத்தை எடுத்துக்கொண்டு நான் கென்யா போனதே அதற்காகத்தான் என்று முன்பதிவுப் படிவத்திலேயே, "சிறப்பு விருப்பம்" என்ற கட்டத்தில் எழுதியிருக்கிறேன்.

அந்தப் பறவையைப் பார்த்தேன். பார்த்ததுதான் பெரிய கொடுமை. ஆளின் இடுப்பளவு உயரம், கொக்குக்கால், கழுகு முகம், தலைக்குப் பின்னால் கறுப்பு இறகுகள் சிலிர்த்து நிற்கின்றன. புல்லுக்குள் எதையோ கண்டு நின்றது. பிறகு வலது காலால் ஒரு மிதி, இன்னொரு மிதி. தன் உடல் எடையைப் போல் ஐந்து மடங்கு விசையோடு உதைக்கக்கூடியது, அந்தக் கால் இலக்கில் படும் நேரம் ஒரு விநாடியில் நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. அதைப் படத்தில் நிறுத்த வேண்டுமானால் நொடியில் மூவாயிரத்தில் ஒரு பங்கு ஷட்டர் வேகமாவது வைக்க வேண்டும், கேமரா அசையக் கூடாது, பக்கத்தில் இருக்க வேண்டும். நாங்கள் இருந்தது இருநூறு மீட்டர் தள்ளி. மணி பத்தைத் தாண்டிவிட்டதால் புல்வெளியில் கானல் நெளிந்துகொண்டிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, குழந்தைகளுக்கு வெக்கை தாங்காது, குளிர்சாதனத்தை அணைக்கக் கூடாது என்று பின்னால் ஒரே குரல். 600 மி.மீ. லென்ஸை ஜன்னல் விளிம்பில் வைத்தால் வேனின் நடுக்கம் முழுவதும் லென்ஸில். பீன்பேக்? அதைப் பற்றி ஓட்டுநரிடம் யாரும் சொல்லவே இல்லையாம். அவர் அருமையான மனிதர். மரத்தின் உச்சியில் புள்ளியாகத் தெரிவது எந்தப் பாறுக் கழுகு என்று என்னைவிட முந்திச் சொல்வார். பாதையை விட்டு இறங்க முடியாததற்கு அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நீங்கள் இன்று வரை கேட்கவில்லை. 2020 முதல் உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்ட பறவை அது. என் வயதில் இன்னொரு முறை போய்ப் பார்ப்பேன் என்று நினைக்கிறீர்களா? என்னிடம் இருப்பது பழுப்பு நிறக் கலங்கல் படங்கள். ஒரு பணி வாழ்க்கை முழுவதன் சேமிப்பையும் கொடுத்து வாங்கிய கலங்கல்.

லென்ஸைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அது என் கைக்கு வந்ததே ஒரு கதை. நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குப் போகும் சிறு விமானத்தில், கைப்பையையும் சேர்த்து ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் மென்மையான பைதான் என்பது அந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா? எனக்கு அனுப்பிய குறிப்பில் பூச்சி விரட்டித் தைலம் வரை எழுதியிருந்தது, இது மட்டும் இல்லை. என்னுடைய கெட்டிப் பெட்டியை ஏற்ற மறுத்துவிட்டார்கள். சாலை வழியாக அனுப்பி வைக்கிறேன் என்று உங்கள் நைரோபி பிரதிநிதி வாங்கி வைத்துக்கொண்டார். அது வந்து சேர்வதற்குள் மாரா ஆற்றை வில்டபீஸ்ட் என்ற பெரிய மறிமான்களின் கூட்டம் கடந்து முடித்துவிட்டது. எப்போது கடக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது, ஒத்துக்கொள்கிறேன். கடந்தபோது என் லென்ஸ் வழியில் நரோக் ஊர்ப் பக்கம் ஏதோ ஒரு லாரியில் இருந்ததற்கு யார் பொறுப்பு?

நகுரு ஏரியையும் விட்டுவிட மாட்டேன். கையேட்டில் கரை முழுவதும் இளஞ்சிவப்பாகப் பூநாரைகள். அது எந்தக் காலத்துப் படம்? 2010க்குப் பிறகு அந்த ஏரியின் நீர்மட்டம் ஏறிக்கொண்டே வந்து உவர்ப்புக் குறைந்துவிட்டது, பூநாரைகள் தின்னும் நுண்பாசியும் குறைந்தது, பெருங்கூட்டங்கள் பொகோரியா ஏரிப் பக்கம் நகர்ந்துவிட்டன. பறவை பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பறவை ஆர்வலர்களுக்கென்றே திட்டம் போடும் நிறுவனம் பொகோரியாவை விட்டுவிட்டு நகுருவை வைப்பதை என்னவென்று சொல்வது? எனக்குக் கிடைத்தவை கரையோரத்தில் தண்ணீருக்குள் செத்து நிற்கும் மரங்களும் சில கூழைக்கடாக்களும்.

"எல்லாம் அடக்கம்" என்று சொல்லிவிட்டு, மாரா வாயிலில் நுழைவுக் கட்டணம் கேட்டார்கள். ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டுப் பெரியவருக்கு ஒரு நாளைக்கு 200 டாலர். ரசீதுகளை இணைத்திருக்கிறேன்.

ஊர் திரும்பியதும் "அசல் ரசீதுகளோடு நேரில் வாருங்கள், அன்றே முடித்துத் தருகிறோம்" என்று உங்கள் அலுவலகத்திலிருந்துதான் அழைத்தார்கள். மதுரையிலிருந்து வைகை எக்ஸ்பிரஸில் வந்தேன். மேலாளர் விடுப்பில். மாற்று ஆள் கூட்டத்தில். வரவேற்பில் இருந்த பெண் தண்ணீர் கொடுத்தார், அதற்கு நன்றி. சாயங்காலம் ஒருவர் வெளியே வந்து, இதையெல்லாம் இணையதளப் படிவத்தில்தான் பதிவேற்ற வேண்டும், நேரில் வாங்குவதில்லை என்றார். மதுரையில் என் வீட்டு மேசையிலிருந்து செய்திருக்கக்கூடிய வேலைக்காக என்னை எழும்பூர் வரை இழுத்தடித்தீர்கள். அந்தப் படிவமும் ஐந்து எம்.பி.க்கு மேல் ஏற்றுக்கொள்வதில்லை.

நான் சண்டைக்காரன் அல்லன். மரியாதையாகவே கேட்கிறேன். விளம்பரப்படுத்திய வண்டிக்கும் தங்குமிடத்துக்கும், கொடுத்த வண்டிக்கும் தங்குமிடத்துக்கும் உள்ள விலை வித்தியாசத்தையும், வாயிலில் நான் கட்டிய கட்டணத்தையும் முழுவதுமாகத் திருப்பித் தாருங்கள். வேடந்தாங்கல் ஆலோசனை சொன்னவர் கைப்பட எழுதிய மன்னிப்புக் கடிதமும் வேண்டும். "அடுத்த பயணத்தில் தள்ளுபடி" என்ற பேச்சே வேண்டாம்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்தில் சந்திப்போம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மதுரையிலேயே வழக்குத் தொடுக்கலாம். நான் உங்களுக்குக் கட்டியது ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. இந்த முறை நீங்கள்தான் ரயில் ஏறி வர வேண்டியிருக்கும். சேவைக் குறைபாட்டோடு தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்ற குற்றச்சாட்டும் சேரும், அந்த நடுப்பக்கத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அந்த அளவுக்குப் போக வைக்க மாட்டீர்கள் என்றே இன்னும் நம்புகிறேன். தொலைபேசியில் பேசுவதானால் தயவுசெய்து வேறு யாராவது பேசுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மதுரை.

பி.கு.: இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உங்கள் விற்பனைப் பிரிவிலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது. தான்சானியாவில் பிப்ரவரியில் வில்டபீஸ்ட் கன்று ஈனும் பருவமாம், "மகிழ்ச்சியான பழைய வாடிக்கையாளர்களுக்கு" சிறப்பு விலையாம். அந்தப் பட்டியலிலிருந்து என் எண்ணை முதலில் நீக்குங்கள்.