அப்பாவுக்காக வைத்த நேர்த்திக்கடன் பற்றி அம்மாவுக்கு

லண்டன்
மாசி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் இங்கு நலம். நீங்களும் அப்பாவும் தம்பியும் தங்கச்சியும் நலமாக இருக்கச் செல்வச்சந்நிதி முருகனை வேண்டுகிறேன்.

மேற்குவீட்டு மாமியின் மகன் வந்து உங்கள் கடிதத்தையும் பார்சலையும் தந்தான். தூள், புழுக்கொடியல், பனங்கட்டி எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன. தூளை இரண்டு பொலித்தீன் பையில் சுற்றியிருந்தும் அவனுடைய உடுப்பெல்லாம் அதன் வாசம். "தை பிறந்தும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். போனில் கதைப்பது கதைப்பதாகாது என்று நீங்கள் சொல்வது சரிதான். அப்பாவுக்குப் போனில் காதும் கேட்பதில்லை. அதனால் இன்று எங்கும் போகாமல் இருந்து எழுதுகிறேன். தங்கச்சியை விட்டு அப்பாவுக்கு உரத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

குளிர் எப்படி என்று கேட்டீர்கள். இந்த வருசம் பனி அதிகம் கொட்டவில்லை. மழையும் காற்றும்தான். மார்கழியில் நாலு மணிக்கே இருட்டிவிட்டது. ஹீற்றரை இரவில் கொஞ்ச நேரம் போட்டால் போதுமாக இருக்கிறது, அதிகம் போட்டால் தொண்டை காய்கிறது. நீங்கள் அனுப்பிய கம்பளிப் போர்வை இருக்கிறது. சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. பாணும் சொதியும் வைத்தால் இரண்டு நேரத்துக்கு வரும். மரவள்ளி, முருங்கைக்காய், பாரை, எல்லாம் தமிழ்க் கடைகளில் விற்கிறார்கள். விலையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பாரைமீன் ஐஸில் கிடந்து வருவதால் எவ்வளவு புளி விட்டாலும் வல்வெட்டித்துறைக் கரையில் வாங்கிய மீனின் ருசி வராது.

கந்தோர்கள் துப்புரவாக்கும் வேலை அப்படியே போகிறது. விடியற்காலை தொடங்கிப் பத்து மணிக்கு முன் முடிந்துவிடும். பின்னேர வேலையை இப்போது நிறுத்தியிருக்கிறார்கள். அது நல்லதுதான், ஓய்வு கிடைக்கிறது. ரியூப்பில் போனால் நிலத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாது என்பதால் பஸ்ஸில்தான் போகிறேன். ஊரையும் பார்க்கலாம்.

கீழ்வீட்டில் ஒரு வயதான அம்மா தனியாக இருக்கிறார் என்று முன்பு சொன்னேனே, அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அயர்லாந்துக்காரி. ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர். இந்தக் குளிரிலும் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் நித்திரை கொள்வார். காற்று உள்ளே வந்தால்தான் நோய் வெளியே போகும் என்பார். இரவில் பின்வளவுக்கு ஒரு நரி வரும். ஆம், லண்டன் நகரத்துக்குள் நரி! அதற்கு ஒரு தட்டில் கோழித்தோலும் பாணும் வைத்துவிட்டு, அது சாப்பிட்டு முடியும்வரை யன்னலோரம் நின்று அதனோடு கதைப்பார். நான் தூள் வறுத்தால் கீழேயிருந்து தும்மல் கேட்கும். ஆனால் கறி கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு பருக்கையும் மிச்சம் வைக்க மாட்டார்.

அப்பாவின் ஒப்பரேசனையும் உங்கள் நேர்த்தியையும் பற்றி ஒருநாள் அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "நீ விடியத் துடைக்கப் போகிற இடத்துக்குப் பக்கத்தில்தானே ரஹீர் இருக்கிறார், பார்த்தாயா?" என்றார். யாரோ டொக்டர் என்று நினைத்தேன். அவர் செத்துத் தொள்ளாயிரம் வருசமாகப் போகிறதாம்.

அதன்பிறகு வேலை முடிந்த ஒருநாள் போய்ப் பார்த்தேன், அம்மா. அதைத்தான் உங்களுக்கு முழுவதுமாக எழுத வேண்டும் என்று இருந்தேன்.

ஸ்மித்ஃபீல்ட் என்ற இடம். பெரிய இறைச்சிச் சந்தை அங்கே இருக்கிறது. இரவிரவாக வியாபாரம், விடிய லொறிகள் போய்விடும். பிறகு கந்தோர்க்காரர் கோப்பிக் கோப்பையும் கையுமாக ஓடத் தொடங்குவார்கள். சந்தைக்கு எதிரில் பார்த்தலோமியு ஆஸ்பத்திரி. அதற்குப் பக்கத்தில், மரச்சட்டம் வைத்துக் கட்டிய பழைய வீடொன்று, அதன் அடியில் ஒரு கல் வளைவு. எத்தனையோ விடியல் அந்த வளைவைக் கடந்து போயிருக்கிறேன். அந்த மரச்சட்டங்கள் முன்பு மறைந்து கிடந்து, முதலாம் உலகப் போரில் செப்பலின் என்ற ஜேர்மன் ஆகாயக் கப்பல் போட்ட குண்டு விழுந்து முகப்பு உடைந்தபோதுதான் வெளியே தெரிந்தனவாம். உள்ளே போனால் ஒரு சின்ன முற்றம், அப்பால் பார்த்தலோமியு தேவாலயம். இன்றைக்கு முற்றமாக இருப்பது ஒரு காலத்தில் தேவாலயத்தின் நீண்ட மண்டபமாம். 1539இல் எட்டாம் ஹென்றி மடத்தை மூடியபோது அதை இடித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது உள்பகுதி மட்டும். அதுவே எவ்வளவு பெரிது! தூண்கள் நம் வளவுப் புளியமரத்தின் அடி போல அவ்வளவு பருமன். மேலே வட்ட வட்டமான வளைவுகள். கல்லெல்லாம் கறுத்துக் கிடக்கிறது.

பீடத்துக்கு இடதுபக்கம் ரஹீரின் கல்லறை. அங்கி போட்ட துறவி, கைகூப்பியபடி மல்லாந்து கிடக்கிறார். காலடியில் கேடயம் பிடித்த தேவதூதன். பக்கத்தில் இரண்டு சின்னத் துறவிகள் முழங்காலில் நின்று புத்தகம் வாசிக்கிறார்கள். அந்தப் புத்தகம் பைபிளில் ஏசாயாவின் 51ஆம் அதிகாரம். பாழாய்க் கிடந்த நிலத்தைக் கடவுள் தோட்டமாக்குவார் என்று வருகிற இடம். ரஹீர் வந்தபோது ஸ்மித்ஃபீல்ட் வெறும் சேற்று நிலமாம். குற்றவாளிகளைக் கொல்லும் இடமும் அங்கேதானாம். அவர் செத்து இருநூற்றைம்பது வருசத்துக்கு மேல் கழித்து, 1405 அளவில்தான் இந்தக் கல்வேலையைச் செய்திருக்கிறார்கள். அவ்வளவு காலத்துக்குப் பிறகும் மறக்கவில்லை. பின்னால் வந்த ஒரு மடத்துத் தலைவர், மேலே ஒரு யன்னல் வைத்து அங்கேயிருந்து இந்தக் கல்லறையைப் பார்க்கும்படி கட்டியிருக்கிறார்.

கதை இதுதான். ரஹீர் முதலாம் ஹென்றி அரசனின் அரண்மனையில் ஆட்டம் பாட்டமாகத் திரிந்தவர். பிறகு மனம் மாறி ரோமாபுரிக்கு யாத்திரை போனார். அங்கே கடும் காய்ச்சல். பிழைத்து ஊருக்குப் போனால் ஏழைகளுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்டுவேன் என்று நேர்ந்துகொண்டார். பிழைத்தார். திரும்பி வரும் வழியில் இயேசுவின் சீடரான பார்த்தலோமியு கனவில் தோன்றி, ஸ்மித்ஃபீல்டில் எனக்கு ஒரு கோயிலும் கட்டு என்றாராம். அரசன் நிலம் கொடுத்தான். 1123இல் கோயிலும் ஆஸ்பத்திரியும் எழும்பின. கோயிலின் பாதி போய்விட்டது. ஆஸ்பத்திரி இன்றைக்கும் அதே இடத்தில் நடக்கிறது, அம்மா. நான் வெளியே வரும்போது ஒரு பெடியன் தன் தகப்பனைச் சக்கர நாற்காலியில் வைத்து அதன் வாசலுக்குள் தள்ளிக்கொண்டு போனான்.

நம் சந்நிதிக் கோயிலைத் தொடங்கிய மருதர் கதிர்காமரும் கடலில் மீன்பிடித்தவர்தானே. முருகன் அவரைத்தானே கூப்பிட்டான். அவர் ஆலமிலையில் படைத்த அமுதுதான் இன்றைக்கு இவ்வளவு பேருக்குச் சோறாக இருக்கிறது. ஸ்மித்ஃபீல்டிலும் திருவிழா இருந்திருக்கிறது. பார்த்தலோமியுவின் நாள் ஓகஸ்ட் 24. அதையொட்டி 1133 தொடக்கம் 1855 வரை வருசாவருசம் சந்தை கூடியது. முதலில் துணி வியாபாரம், பிறகு கூத்தும் வேடிக்கையும். துணிச்சந்தை நடந்த தெருவுக்கு இப்போதும் அந்தப் பெயர்தான்.

தேவாலயத்துக்குள் யாரும் இல்லை. ஒரு கிழவர் மெழுகுதிரிகளைச் சரிசெய்துகொண்டிருந்தார். சாம்பிராணி மணத்தது. முதல்நாள் பூசையின் மிச்சமாக இருக்கும். நான் ஒரு கதிரையில் இருந்தேன். அப்பாவை ஒப்பரேசனுக்குக் கொண்டுபோன இரவு நீங்கள் சந்நிதிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டு நேர்ந்ததைத் தங்கச்சி பிறகு சொன்னாள். அந்த நேரம் நான் இங்கே ஒரு கந்தோரில் நிலம் துடைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் பக்கத்தில் நின்றிருக்க வேண்டியவன். எனக்கு ஊருக்கு வர வேண்டும் போலிருக்கிறது, அம்மா. கிணற்றடியில் நின்று தலையில் நாலு வாளி ஊற்ற வேண்டும். அப்பா பேப்பர் வாசிக்கும்போது பக்கத்தில் சும்மா இருக்க வேண்டும். விடிய வேலைக்குப் போகும் பஸ்ஸில் யாரும் யாரோடும் கதைப்பதில்லை. சில நாட்களில் தமிழில் வாய் திறந்து ஒரு சொல் சொல்லாமலே பொழுது போய்விடுகிறது. நீங்கள் இதை நினைத்துக் கவலைப்படக் கூடாது, வேலை என்றால் எல்லோருக்கும் இப்படித்தான்.

நேர்த்தி விசயம். "பெரியவன் வந்து காவடி எடுப்பான் என்றுதான் நேர்ந்தேன், அவன் வந்தால்தான் தீரும்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இந்த வருசம் லீவு கிடைப்பது கஷ்டம். அடுத்த வருசமும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதுவரை தள்ளிப்போட வேண்டாம். ரஹீர் ரோமாபுரியில் நேர்ந்ததை இங்கே தீர்த்தார். தனக்கு வந்த காய்ச்சலுக்காக மற்ற நோயாளிகளைப் பார்த்தார். நேர்த்தி என்றால் இதுதான் என்று எனக்குப் படுகிறது. இந்த ஆவணித் திருவிழாவில் தம்பி காவடி எடுக்கட்டும். அதோடு ஒருநாள் அன்னதானத்துக்கு அரிசியும் மரக்கறியும் கொடுங்கள். அப்பா தன் கையால் ஒரு அகப்பை சோறு போட வேண்டும், கதிரையில் இருந்தபடி போட்டாலும் போதும். நான் அன்றைக்கு இங்கே விரதம் இருப்பேன். பூசாரி ஐயாவிடம் கேளுங்கள். அவர் சரி என்றால் உங்களுக்கும் மனம் ஆறும்.

தங்கச்சியின் சம்பந்தம் பற்றிச் சின்ன மாமா எழுதியதையும் வாசித்தேன். மாப்பிள்ளை வாத்தியார் என்றால் எனக்குச் சந்தோசம். ஆனால் அவளிடம் தனியாகக் கேட்டீர்களா? அவள் தலையாட்டினாள் என்று மாமா எழுதியிருப்பது எனக்குப் போதாது. அவளே எனக்கு இரண்டு வரி எழுதட்டும். சீதனக் கதை வந்தால் வடலி வளவை ஈடு வைக்க வேண்டாம். வைத்தால் மீட்பது லேசில்லை. சீட்டு சித்திரையில் எடுப்பேன், எடுத்ததும் அனுப்புகிறேன். இந்த மாதம் அனுப்புவது வழமையைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும், அதில் முதலில் அப்பாவின் மருந்தை வாங்குங்கள். கிணற்று மோட்டரை இப்போதைக்குத் திருத்திப் பாவியுங்கள், புதிது பிறகு வாங்கலாம்.

பெரியப்பா வேலி போடும்போது கதியாலை நம் பக்கம் தள்ளி நட்டுவிட்டார் என்று தம்பி கோபமாக எழுதியிருக்கிறான். அவனைச் சண்டைக்குப் போக விடாதீர்கள். காணி உறுதிப் பத்திரம் கிளாக்கர் மாமாவிடம் இருக்கிறது. அவரைக் கூட்டிக்கொண்டு போய், பெரியப்பாவும் இருக்கும்போதே அளந்து பார்க்கட்டும். பெரியம்மாவுக்கு நான் கேட்டதாகச் சொல்லுங்கள். அப்பாவை வெயிலில் தோட்டத்துக்கு இறங்க விட வேண்டாம். பூசாரி ஐயா என்ன சொன்னார் என்று உடனே எழுதுங்கள்.

அன்பு மகன்