இலங்கை என்றும் தேடு, சிலோன் என்றும் தேடு

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.
மார்கழி 12

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமையே கிடைத்தது. அன்றே பதில் எழுத நினைத்தேன். ஐந்து நாளாய் விடாத மாரி மழை, கரண்டும் விட்டு விட்டுத்தான் வந்தது. கிணறு கட்டு வரை நிரம்பி நிற்கிறது. அம்மாவுக்குக் குளிரோடு முழங்கால் நோ கூடிவிட்டது, ஆனாலும் விடிய எழும்பி முற்றத்தைக் கூட்டாமல் இருக்க மாட்டார். மகள் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். மட்டக்களப்பில் உங்கள் ஒழுங்கைக்குள் வெள்ளம் ஏறவில்லை என்று எழுதியிருந்தாய், அதை வாசித்த பிறகுதான் நிம்மதி.

சரி, நீ கேட்ட அலுவலுக்கு வருகிறேன். பாம்பு கடித்தவருக்கு ஏவிஎஸ் என்ற விஷமுறிப்பு மருந்தை ஏற்றுவதற்கு முன் சிறிய அளவில் அட்ரினலின் ஊசி போடுவது பற்றி இதுவரை வந்த ஆய்வுகள் எல்லாவற்றையும் திரட்டி மதிப்பிடச் சொல்லியிருக்கிறார்கள் என்றாய். 'கூகிள் ஸ்கொலரில் முதல் பத்துப் பக்கம், மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட்டில் ஒரு தேடல், இவ்வளவும் போதும்தானே?' என்று கேட்டிருந்தாய். போதாது மச்சான். ஏன் போதாது என்பதைக் கொஞ்சம் மினக்கெட்டு எழுதுகிறேன், பொறுமையாய் வாசி.

இந்தக் கேள்விக்கு நம் நாட்டிலேயே நல்ல ஆய்வுகள் நடந்திருப்பது உனக்குத் தெரியும். 1999 இல் பிஎம்ஜே என்ற மருத்துவச் சஞ்சிகையில் வந்தது 105 பேரை வைத்துச் செய்தது. 2011 இல் பிளொஸ் மெடிசின் சஞ்சிகையில் வந்தது 1007 பேரை வைத்துச் செய்தது. ஏவிஎஸ் ஏற்றிய பிறகு வரும் கடுமையான ஒவ்வாமை, அட்ரினலின் கொடுத்தவர்களில் முதல் ஒரு மணித்தியாலத்தில் 43 சதவீதம் குறைந்தது என்று அந்தப் பெரிய ஆய்வு சொன்னது. இரண்டையும் எழுதியவர்கள் நம் வழக்கப்படி 'அட்ரினலின்' என்றே எழுதினார்கள். ஆகவே நீ அந்தச் சொல்லைப் போட்டதும் இரண்டும் முன்னால் வந்து நிற்கும். வந்ததும் வேலை முடிந்தது என்று மனம் சொல்லும். அந்த இடத்தில்தான் நானும் ஒருமுறை தவறினேன்.

சில வருடங்களுக்கு முன் ஓர் இளம் டொக்டர் இதே மாதிரி ஒரு கேள்வியோடு வந்தார். நான் பப்மெட்டில் அட்ரினலின் என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டு, தலைப்பிலும் சுருக்கத்திலும் மட்டும் தேடும்படி கட்டிக் கொடுத்தேன். சும்மா தட்டச்சு செய்திருந்தால் பப்மெட் தானாகவே 'எபிநெப்ரின்' என்ற அமெரிக்கப் பெயரையும் சேர்த்துத் தேடியிருக்கும். மேற்கோள் குறி போட்டால் அந்த உதவி நின்றுவிடும். எனக்கு அது தெரியும், ஆனால் அன்று கவனிக்கவில்லை. அவருடைய கட்டுரை மதிப்பாய்வுக்குப் போனபோது, விடுபட்ட இரண்டு ஆய்வுகளைச் சுட்டிக்காட்டித் திருப்பி அனுப்பினார்கள். இரண்டிலும் இருந்த சொல் எபிநெப்ரின். மருந்து ஒன்று, பெயர் இரண்டு. அந்தப் பிள்ளையின் ஆறு மாத உழைப்பு என் ஒரு குறியால் குறைப்பட்டுப் போனது. அன்றைக்கு இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அன்றிலிருந்து, தேட உட்காருமுன் ஒரு தாளை எடுத்து மூன்று நிரலாய்க் கோடு போடுகிறேன். உன் கேள்விக்குப் போட்ட தாள் இப்போதும் மேசையில் கிடக்கிறது. முதல் நிரலில் பாம்புக்கடி: ஸ்னேக்பைட் என்று ஒரு சொல்லாய், ஸ்னேக் பைட் என்று இரு சொல்லாய், இடையில் கோடு போட்டு, பன்மையில், பிறகு 'என்வெனம்' வரை எழுதி நட்சத்திரக் குறி, அப்போதுதான் என்வெனமிங், என்வெனமேஷன் இரண்டும் அகப்படும். நம் தோட்டங்களில் திரியும் கண்ணாடிப் புடையனின் விஞ்ஞானப் பெயரையும் சேர்க்க வேண்டும். இன்றைக்கு அது டபோயியா, பழைய கட்டுரைகளில் வைப்பெரா. இரண்டாம் நிரலில் ஏவிஎஸ்: ஆன்டிவெனம், ஆன்டிவெனின், ஆன்டிவெனீன், ஆன்டி ஸ்னேக் வெனம். மூன்றாம் நிரலில் அட்ரினலின், எபிநெப்ரின். ஒரு நிரலுக்குள் இருப்பதை எல்லாம் 'அல்லது' என்று பொருள்படும் 'ஓர்' (OR) போட்டுக் கட்டு. நிரலுக்கும் நிரலுக்கும் இடையில் 'மற்றும்' என்று பொருள்படும் 'அன்ட்' (AND). தேடலின் எலும்புக்கூடு இவ்வளவுதான்.

இதோடு மெஷ் தலைப்புகளையும் சேர்க்க வேண்டும். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் ஒவ்வொரு கட்டுரைக்கும் போட்டுவைக்கும் பொருட்தலைப்புகள் அவை, ஏறக்குறைய 30,000 இருக்கின்றன. மெஷ் என்றாலே வலைக்கண்தானே, பெயர் பொருத்தமாய்த்தான் அமைந்திருக்கிறது. ஆனால் மெஷ்ஷை மட்டும் நம்பாதே. புதிதாய் வந்த கட்டுரைக்குத் தலைப்பு போடச் சில நாள் செல்லலாம், சில பதிவுகளுக்குப் போடப்படுவதே இல்லை. தலைப்பும் வேண்டும், சாதாரணச் சொல்லும் வேண்டும்.

ஒரு முக்கியமான விஷயம், இது பாம்புக்கடிக்கே உரியது. மிருக ஆய்வுகளைக் கழிக்க வேண்டுமென்று சிலர் 'நொட் அனிமல்ஸ்' என்று போட்டுவிடுவார்கள். பாம்பும் மிருகக் கணக்கில்தான் வரும்! மனிதரைப் பற்றிய பாம்புக்கடிக் கட்டுரைகளிலும் அந்தத் தலைப்பு ஒட்டியிருக்கும், அதனால் உனக்கு வேண்டியவையே கழிந்து போய்விடும். மனிதர் என்ற தலைப்பு இல்லாமல் மிருகம் என்ற தலைப்பு மட்டும் உள்ளவற்றைக் கழி என்று இரட்டை 'நொட்' போட வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்புக்காரர் சொல்லித்தரும் முறை அது.

வலையைப் பெரிதாய் விரித்தால் குப்பையும் சேர்ந்து வரும். ஆயிரக்கணக்கில் தலைப்பு வாசித்து, கடைசியில் கைவிரலில் எண்ணக்கூடியவைதான் மிஞ்சும். ஏன் இவ்வளவு கஷ்டம் என்று நீ கேட்பாய். ஒரு மீன் தப்பினால் கடற்றொழிலாளிக்கு நட்டம் ஒரு மீன். இங்கே தப்பும் ஒரு கட்டுரை ஓர் உயிராய் இருக்கலாம். 2001 இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் ஆஸ்துமா பற்றிய ஆராய்ச்சி ஒன்றில், ஹெக்சமெதோனியம் என்ற மருந்தைச் சுவாசித்த 24 வயதுத் தொண்டர் ஒருத்தி இறந்துபோனாள். நோயாளியே அல்ல, ஆரோக்கியமான பெண். ஆராய்ச்சியாளர் முன்கூட்டியே பப்மெட்டில் தேடித்தான் இருந்தார். அப்போது அதில் இருந்தவை 1966 க்குப் பிறகு வந்தவை. அந்த மருந்தால் நுரையீரல் பழுதாகும் என்று எழுதியவை 1950 களின் கட்டுரைகள். இதை நான் புதிதாய் வரும் மாணவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கிறது.

பழையதைத் தேடும்போது நம் நாட்டின் பெயரையும் மறந்துவிடாதே. 1972 வரை நாம் சிலோன்தான். அந்தக் காலத்துக் கட்டுரைகளில் ஸ்ரீலங்கா என்ற சொல்லே இராது. நம் மருத்துவ சங்கத்தின் சஞ்சிகை இன்றும் சிலோன் மெடிக்கல் ஜேர்னல் என்ற பெயரோடுதான் வருகிறது. இரண்டையும் போடு.

பப்மெட் மட்டும் என்று நிற்காதே. ஐரோப்பியச் சஞ்சிகைகளும் மருந்து பற்றியவையும் எம்பேஸ் என்ற தரவுத்தளத்தில் கூட இருக்கும், ஆனால் அதற்குக் காசு கட்ட வேண்டும். உன் இடத்தில் இல்லாவிட்டால் எனக்கு எழுது, இருக்கிறவர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன். கொக்ரேனின் சென்ட்ரல் என்ற தரவுத்தளத்தில் எழுந்தமான முறையில் குழு பிரித்துச் செய்த ஆய்வுகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், அதில் தேடாமல் விடாதே. கட்டுரைகளின் முழு வடிவம் எடுக்க ஹினாரி என்ற திட்டம் இருக்கிறது, உலக சுகாதார நிறுவனம் 2002 இல் தொடங்கியது. கூகிள் ஸ்கொலரைக் கடைசியில், விடுபட்டது ஏதும் உண்டா என்று பார்க்க வைத்துக்கொள். அதில் கட்டிய தேடலை நாளைக்கு இன்னொருவர் அப்படியே திருப்பிச் செய்ய முடியாது. இப்போது பெடியள் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு நூற்பட்டியல் கொண்டுவருகிறார்கள். அதில், உண்மையில் இல்லாத கட்டுரைக்கும் ஆசிரியர் பெயர், பக்க எண் எல்லாம் வடிவாய் எழுதியிருப்பதை நானே என் கண்ணால் பார்த்தேன். சொற்களை யோசிக்க அதைப் பாவிக்கலாம், சான்றுக்கு வேண்டாம்.

அடுத்தது வெளிவராதவை. ஜெர்மனியில் மருந்துகளை மதிப்பிடும் ஐக்விக் நிறுவனம் றிபொக்செடின் என்ற மனச்சோர்வு மருந்தைப் பார்த்தபோது, நோயாளிகள் பற்றிய தரவில் 74 சதவீதம் எங்கும் வெளியாகாமல் கிடந்தது. அச்சில் வந்ததை மட்டும் பார்த்தால் நல்ல மருந்து. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் வெறும் போலி மாத்திரையை விட மேலில்லை. 2010 இல் பிஎம்ஜேயில் இது வெளியானது. ஆகவே ஆய்வுகளைத் தொடங்குமுன் பதிந்துவைக்கும் பதிவேடுகளையும் பார். நம் நாட்டுப் பதிவேடு 2006 முதல் இருக்கிறது. தொடங்கி, முடிந்து, முடிவு சொல்லாமல் நிற்கும் ஆய்வு ஏதும் கண்ணில் பட்டால் செய்தவருக்கு நேரே எழுதிக் கேள். நம் ஆட்கள் பெரும்பாலும் பதில் தருவார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதை எழுதத்தான் உண்மையில் கடிதத்தைத் தொடங்கினேன். தேடல் பெட்டி '0' என்று காட்டும்போது மற்ற ஊர்க்காரர் 'அப்படி ஓர் ஆய்வு இல்லை' என்று எழுதிவிட்டுப் போகலாம். நம்மால் முடியாது. 1981 ஆனி முதலாம் திகதி விடிந்தபோது 97,000 புத்தகங்களோடு நூலகம் சாம்பலாய்க் கிடந்த ஊர் இது. அப்பா என்னைக் கையில் பிடித்துக் கொண்டுபோய்த் தூரத்தில் நின்று காட்டினார், எனக்கு அப்போது ஒன்பது வயது. யுத்தத்தில் பொருட்தடை இருந்த காலத்தில் கொப்பித் தாளில் பத்திரிகை அச்சடித்தோம். நீயும் நானும் ஜாம் போத்தல் விளக்கில் படித்த அதே வருடங்களில், ஆசுப்பத்திரிகளில் பாம்புக்கடிக்காரரைப் பார்த்த டொக்டர்கள் ஏதோ தாளில் எண்ணிக்கைகளை எழுதித்தான் வைத்தார்கள். அவை எந்தத் தரவுத்தளத்திலும் ஏறவில்லை.

போன ஆவணியில் ஓய்வுபெற்ற டொக்டர் ஒருவரின் வீட்டுக்குப் போனேன். அலுமாரியின் கீழ்த்தட்டில் உரப்பையால் சுற்றிய ஒரு கட்டு. அவிழ்த்தால், தொண்ணூறுகளில் நடந்த மருத்துவக் கூட்டமொன்றின் சுருக்கங்கள், றோணியோ என்ற பழைய படியெடுக்கும் மெஷினில் அடித்தவை. ஒரு பக்கம் கறையான் தின்று வலது ஓரம் முழுக்கப் போய்விட்டது, ஒவ்வொரு வரியிலும் கடைசி இரண்டு மூன்று சொல் இல்லை. சுருட்டைப் புடையன் கடி பற்றி ஒன்று இருந்தது. எத்தனை பேர் என்ற எண் இருக்கிறது, எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பது அந்த ஓரத்தில் போய்விட்டது. டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தத் தாளை நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தார். இருந்ததை ஸ்கேன் பண்ணி எடுத்தேன். உனக்கும் அனுப்புகிறேன், உன் அறிக்கையில் வெளியிடப்படாதவை என்ற பகுதியில் அதைக் குறிப்பிடு.

நீ செய்ய வேண்டியதில் மிச்சம் சுருக்கமானது. தேடத் தொடங்குமுன் உன் திட்டத்தைப் புரொஸ்பெரோ என்ற மீளாய்வுப் பதிவேட்டில் பதிந்துவிடு, காசு இல்லை. ஒவ்வொரு தரவுத்தளத்திலும் தேடிய நாள், போட்ட வரி, வந்த எண்ணிக்கை மூன்றையும் அன்றன்றே எழுது, பிறகு எழுதலாம் என்று விட்டால் எழுதவே மாட்டாய். எல்லாப் பதிவுகளையும் சொட்டெரோ என்ற நூற்பட்டியல் மென்பொருளில் கொட்டி இரட்டிப்பானவற்றைக் கழி, அதன் பிறகு கட்டுரைகளைத் தெரிவு செய்ய உதவும் ரய்யான் தளத்தில் போட்டு நீயும் இன்னொருவரும் ஒருவர் முடிவை ஒருவர் பாராமல் தெரிவு செய்யுங்கள். சொட்டெரோ இலவசம், ரய்யானிலும் இலவசப் பதிப்பு உண்டு. நீ செய்வது மருந்து வேலை செய்யுமா என்பதோடு நிற்கிற மீளாய்வு இல்லை, சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீடு. ஆகவே செலவுக்கும் தனியாய் ஒரு தேடல் வேண்டும். அட்ரினலின் மலிவுதான், ஆனால் ஒவ்வாமை வந்தவரை அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நாள் வைத்திருக்க என்ன செலவு என்று உன்னிடம் அறிக்கை கேட்ட குழு கட்டாயம் கேட்கும். மற்ற நாடுகளின் மதிப்பீட்டு நிறுவனங்கள் ஏற்கெனவே ஏதும் செய்திருக்கின்றனவா என்று, அந்த நிறுவனங்களின் சர்வதேச வலையமைப்பான ஐநாட்டாவின் தளத்தில் ஒருக்கால் பார்.

அந்த 1999, 2011 கட்டுரைகள் இரண்டையும் உரைகல்லாய் வைத்துக்கொள். கட்டிய தேடலில் அவை வராவிட்டால் தேடலில் ஏதோ பிழை. வந்தால் அதோடு சரி என்று இருந்துவிடாமல், எபிநெப்ரின் என்று எழுதிய ஒன்றையாவது சேர்த்துச் சோதி.

மூன்று நிரல் போட்ட என் தாளைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். உன் ஆட்களோடு இருந்து பார்த்துவிட்டு, நான் விட்ட சொற்களைச் சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பு. கிழக்கில் பாம்புகளுக்கு நீங்கள் சொல்லும் பெயர்கள் எனக்குத் தெரியாது. பழைய உள்ளூர் அறிக்கை ஏதும் தமிழில் அகப்பட்டால் அந்தப் பெயர்களும் தேவைப்படும். தைப்பொங்கலுக்கு முன் வந்தால் நல்லது, அந்த லீவில் இருந்து முழுவதையும் கட்டி முடித்துவிடலாம்.

பனங்கிழங்கு இன்னும் இரண்டு கிழமையில் கிண்டலாம் என்று அம்மா சொல்கிறார். அவித்துக் கட்டி மட்டக்களப்பு பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன், நடத்துனரின் நம்பரை அன்று காலை அனுப்புவேன். வீட்டில் எல்லாரையும் கேட்டதாய்ச் சொல்லு.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்