ராத்திரி இரண்டரை மணி வேலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டி வலி குறைந்து, கோயில்வரை நடந்தே போய் வருகிறார்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் நலம். பெரியவள் ப்ளஸ் டூ முடித்துவிட்டாள். கல்லூரி இடத்துக்காக அலைந்துகொண்டிருக்கிறோம். எனக்கு அதே சர்வர் பராமரிப்பு வேலைதான்.

சரி, உன் கடை விஷயத்துக்கு வருகிறேன். பில்லிங் டேட்டாபேஸை ராத்திரி இரண்டரைக்கு பேக்கப் (பாதுகாப்பு நகல்) எடுக்க, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகக் கிளப்பும் கிரானில் போட்டிருப்பதாக ஒரு பக்கத்தில் எழுதியிருக்கிறாய். காலை எட்டு மணிக்குக் கடை திறந்ததும் பில் போட முடியாமல் சிஸ்டம் திணறுகிறது என்று அடுத்த பக்கத்தில் எழுதியிருக்கிறாய். இரண்டும் ஒரே சங்கதி. நீ வாடகைக்கு எடுத்திருக்கும் சர்வரின் கடிகாரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். கிரான் வரியில் நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்ற வரிசை, நட்சத்திரக் குறி என்றால் எதுவானாலும் சரி என்று பொருள். நீ எழுதிய 30 2 * * * என்ற வரி அந்த சர்வருக்கு இரண்டரை மணி, நமக்குக் காலை எட்டு. நீ கடையைத் திறக்கும்போதுதான் பேக்கப்பும் தொடங்குகிறது. டெர்மினலில் டேட் என்று அடித்துப் பார், நேரத்தோடு யூடிசி என்றும் வரும்.

கணக்குப் போட்டு 0 21 * * * என்று மாற்றலாம். தினசரி வேலைக்கு அது போதும். ஆனால் நமக்கு ஒன்றாம் தேதி அதிகாலை இரண்டரை என்றால் சர்வருக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள் இரவு ஒன்பது. மாத வேலை, வார வேலை எல்லாம் ஒரு நாள் தள்ளிப்போகும். அதனால் சர்வரின் நேர மண்டலத்தையே ஏசியா கொல்கத்தா என்று மாற்றிவிடு. மாற்றிய கையோடு கிரான் சேவையை ஒருமுறை நிறுத்தித் தொடங்கு. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இந்த யோசனையை நான் சொல்லமாட்டேன். அங்கே மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேராக மூன்றாகிவிடும், இரண்டரை என்ற நேரமே அன்று வராது. நவம்பரில் ஒன்றரை மணி இருமுறை வரும். நம் ஊர்க் கடிகாரத்தில் அந்தத் தொல்லை இல்லை.

அடுத்து உன் இரண்டாம் சனிக்கிழமை. ஸ்டாக் எடுக்கும் நாள் என்பதால் அன்று காலை ஆறு மணிக்குப் பட்டியல் தயாராக வேண்டும் என்று 0 6 8-14 * 6 போட்டிருக்கிறாய். எட்டிலிருந்து பதினாலுக்குள் வரும் சனி என்பது உன் கணக்கு. யாரும் அப்படித்தான் படிப்பார்கள். ஆனால் தேதி, கிழமை இரண்டையும் குறிப்பிட்டால் ஏதாவது ஒன்று பொருந்தினாலே கிரான் ஓட்டிவிடும். அதனால் எட்டு முதல் பதினாலு வரை தினமும் ஓடும், மற்ற சனிக்கிழமைகளிலும் ஓடும். கிழமை இடத்தில் நட்சத்திரக் குறி போட்டுவிட்டு, இன்று சனியா என்று ஸ்கிரிப்டின் (கிரான் ஓட்டும் கட்டளைக் கோப்பின்) முதல் வரியிலேயே கேள். இல்லையென்றால் அங்கேயே வெளியேறட்டும். அந்தச் சோதனையைக் கிரான் வரிக்குள் எழுதப் பார்க்காதே. அங்கே சதவீதக் குறியை வரி முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். முன்னால் பின்சாய்கோடு வைத்தால்தான் விடும்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை என்று தம்பி சொன்னதாக எழுதியிருந்தாயே, அது பாத், அதாவது கட்டளைகளை எந்த இடங்களில் தேடுவது என்ற பட்டியலின் பிரச்சினையாகத்தான் இருக்கும். நீ லாகின் செய்யும்போது கிடைக்கும் அமைப்புகள் எதுவும் கிரானுக்குக் கிடைக்காது. ஒவ்வொரு கட்டளைக்கும் முழுப் பாதையை எழுதச் சொல்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பணம் வந்த விவரம் எடுக்கும் ஸ்கிரிப்டுக்கு, ஒன்று ஓடும்போது இன்னொன்று தொடங்காமல் தடுக்கும் ஃப்ளாக் பூட்டு போடு. நெட் மந்தமான நாளில் ஒரு ஓட்டம் ஏழு நிமிடம் இழுத்தால், முந்தையது முடிந்ததா என்று பார்க்காமல் கிரான் அடுத்ததைக் கிளப்பிவிடும். ஒரே ரசீது இருமுறை பதிவாகும். பேக்கப்பை டைம் கட்டளையோடு ஓட்டி அனுப்பியிருந்த கணக்கையும் பார்த்தேன். ரியல் வரியில் 11 நிமிடம், யூசர் வரியில் 40 நொடி, சிஸ் வரியில் சில நொடிகள். ரியல் என்பது மொத்தம் பிடித்த நேரம், மற்ற இரண்டும் பிராசஸர் உழைத்த நேரம். அப்படியென்றால் பிராசஸர் ஒரு நிமிடம்கூட உழைக்கவில்லை. மீதி நேரம் டிஸ்குக்கும் நெட்டுக்கும் காத்துக்கிடந்திருக்கிறது. பெரிய சர்வருக்கு மாற வேண்டாம், பணம் வீண்.

இதெல்லாம் ஒரு மாலையில் சரிசெய்கிற விஷயம். எனக்குக் கவலை வேறொன்று. பேக்கப் தினமும் எடுபடுகிறது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, பிழை வந்தால் மெயில் வரும், இதுவரை வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். 2017 ஜனவரி 31 அன்று, மற்றவர்களின் மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லாப் நிறுவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பொறியாளர் துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாபேஸ் கோப்புகளை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், வைத்திருக்க வேண்டிய இடம் காலி. அவர்களுடைய டேட்டாபேஸ் மென்பொருள் போஸ்ட்கிரெஸின் 9.6 பதிப்பு, பேக்கப் வேலை அழைத்ததோ பழைய 9.2 பதிப்பின் கருவி. அது ஒவ்வொரு முறையும் பிழை காட்டி நின்றுபோயிருக்கிறது. கிரான் பிழை மெயிலையும் அனுப்பத்தான் செய்தது. அந்த மெயில்கள் முறைப்படி கையொப்பமிடப்படாததால் மெயில் சர்வர் அவற்றைத் திருப்பிவிட்டது. யார் கண்ணிலும் படவில்லை. ஆறு மணி நேரம் முன்னதாக வேறொரு வேலைக்காக ஒருவர் கையால் எடுத்து வைத்த நகல்தான் காப்பாற்றியது. அதற்குப் பின்னால் பதிவான டேட்டா போனது போனதுதான். நடந்ததையெல்லாம் அவர்களே வெளிப்படையாக எழுதி வைத்தார்கள். அந்த நேர்மைக்காக அவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

மெயில் வரவில்லை என்றால் எல்லாம் நல்லபடி என்றும் இருக்கலாம், ஸ்கிரிப்டே ஓடவில்லை என்றும் இருக்கலாம். கிரான் ஒவ்வொரு நிமிடமும் விழித்து, அந்த நிமிடத்துக்கு வேலை உண்டா என்று பார்க்கும். இருந்தால் கிளப்பிவிடும், அவ்வளவுதான். 1979-இல் வந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பிலும் அப்படித்தான். தவறவிட்டதைத் திரும்ப ஓட்டாது. முடிந்ததா, முடிந்தது உருப்படியா என்பதெல்லாம் நம் பொறுப்பு.

ஆகவே மாப்பிள்ளை, எனக்காக இதை மட்டும் செய். ஸ்கிரிப்டின் கடைசியில், பேக்கப் கோப்பின் அளவு நேற்றைய அளவை ஒட்டி இருந்தால் மட்டும் கடைக் கம்ப்யூட்டருக்கு ஒரு சின்னக் கோப்பு போகட்டும், அன்றைய தேதியோடு. காலையில் பில்லிங் திறக்கும் முன் கடைக் கம்ப்யூட்டர் அந்தத் தேதியைப் பார்க்கட்டும். இன்றைய தேதி இல்லையென்றால் திரையில் சிவப்பாகக் காட்டட்டும். வெற்றிச் செய்தி வராவிட்டால் சத்தம் போடுகிற ஏற்பாடு இது. சர்வர் மொத்தமாகப் படுத்தாலும் உனக்குத் தெரிந்துவிடும். அப்புறம், ஸ்டாக் எடுக்கும் அந்தச் சனிக்கிழமையே பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் விரித்துப் போட்டு, முந்தின நாள் கடைசி பில் அதில் இருக்கிறதா என்று பார். தம்பியிடம் விடாமல் நீயே பார்.

எதையும் மாற்றும் முன் கிரான்டாப் பட்டியலை (கிரான் வரிகள் இருக்கும் பட்டியல்) ஒரு கோப்பில் சேமித்துவிட்டு எனக்கும் அனுப்பு. கிரான்டாப் கட்டளையோடு சேர்க்கும் எழுத்து, திருத்துவதற்கு ஈ, மொத்தமாக அழிப்பதற்கு ஆர். கீபோர்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து எழுத்து, அழிக்கும் முன் ஒரு வார்த்தை கேட்காது. ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் வீட்டில்தான் இருப்பேன், கூப்பிடு, சேர்ந்தே மாற்றிவிடலாம்.

அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை