பனகல் பூங்கா: டெண்டருக்கு முன் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தியாகராய நகர் பனகல் பூங்காவில் ஒரு பகுதி மெட்ரோ பணிக்குள் போயிருக்கிறது. கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி வழித்தடத்தின் சுரங்க நிலையம் அங்கே அமைகிறது. வேலை முடிந்ததும் பூங்காவைச் சீரமைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. எப்படிச் சீரமைப்பது என்பதை யாரைக் கேட்டு, எந்தக் கட்டத்தில் முடிவு செய்யப்போகிறார்கள் என்பதுதான் கவலை. இதேபோல் மெட்ரோவுக்காக 2011-இல் மூடப்பட்ட ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்கா 2023-இல்தான் திறந்தது. மூடும்போது நான்கு வயதாக இருந்த பிள்ளைக்குத் திறக்கும்போது பதினாறு வயது. அவ்வளவு காலம் காத்திருந்து பெறும் இடத்துக்கு, டெண்டர் விட்ட பிறகு பெயருக்கு ஒரு கருத்துக் கேட்பு நடத்துவது நியாயமல்ல.

முதலில் பேச வேண்டியது மண்ணின் ஆழம். நிலையத்தின் கூரைமேல் அமையும் பூங்கா, உண்மையில் ஒரு மாடித் தோட்டம்தான். புல்லுக்கு 30 செ.மீ. மண் போதும். செம்பருத்தி, நந்தியாவட்டைக்கு 60 செ.மீ. வேண்டும். பவழமல்லி, மந்தாரைக்கு 1 மீட்டர். புங்கனும் மகிழமும் நிலைத்து நிழல் தர ஒன்றரை மீட்டராவது தேவை. நீர் ஊறிய மண் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 2 டன் எடை இருக்கும். அப்படியானால் ஒன்றரை மீட்டர் மண் கொட்டிய இடத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரும் 3 டன் சுமக்க வேண்டும். அது தாங்குமா என்பது கூரைக்குக் கான்கிரீட் போடும்போதே முடிவாகிவிடுகிறது; பிறகு எத்தனை கூட்டம் போட்டாலும் மாறாது. ஆழமில்லாத மண்ணில் பெரிய மரத்தை நட்டால் வேர் பக்கவாட்டில்தான் ஓடும், புயலில் முதலில் சாய்வதும் அதுவே. 2016 டிசம்பரில் வர்தா வந்தபோது சென்னை இதை நேரில் பார்த்தது. எனவே எந்த இடம் எத்தனை டன் தாங்கும் என்று குறித்த வரைபடத்தை மெட்ரோ நிறுவனம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். பெருமரங்களுக்குக் கூரைக்கு வெளியே உள்ள நிலத்தை இப்போதே ஒதுக்கிவிட வேண்டும்.

அந்த நிலத்திலும் ஒரு சிக்கல் உண்டு. கட்டுமானம் நடந்த இடத்தில் ஜல்லி, சிமெண்ட் கழிவு, நிலையச் சுவருக்குத் தோண்டிய குழி சரியாமலிருக்க நிரப்பிய பென்டோனைட் என்ற களிமண் குழம்பு எல்லாம் கனரக வண்டிகள் ஏறி இறுகிக் கிடக்கும். அதன்மேல் அரை அடி செம்மண் பரப்பிப் புல் பதித்தால் திறப்பு விழாவுக்குப் பச்சையாகத்தான் தெரியும். இரண்டாம் கோடையில் மரக்கன்றுகள் மஞ்சளிக்கும். மழையில் தண்ணீர் இறங்காமல் தேங்கி வேர் அழுகும். 1 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டிக் கழிவை அகற்றி, அடிமண்ணைக் கிளறிவிட்டு, எரு கலந்த மண்ணை நிரப்புவதைத் தனி வேலையாக எஸ்டிமேட்டில் காட்ட வேண்டும். நிலையம் மெட்ரோ நிறுவனத்தின் பொறுப்பு, பூங்கா மாநகராட்சியின் பொறுப்பு. இடையில் இருக்கும் மண் யார் பொறுப்பு என்று எழுத்தில் இல்லாவிட்டால் அந்த வேலைதான் முதலில் விடுபடும்.

மழைநீரும் அப்படித்தான். 1920-களில் நீண்ட ஏரியைத் தூர்த்து உருவான வட்டாரம் இது. 10 செ.மீ. மழை பெய்தால் ஒரு ஏக்கரில் 4 லட்சம் லிட்டர் விழுகிறது. கூரை உள்ள இடத்தில் அது கீழே இறங்க வழியில்லை. கூரைமேல் வடிகால் அடுக்கு அமைத்து, வெளியே உள்ள உறிஞ்சுகிணறுகளுக்குக் கொண்டுபோக வேண்டும். கிணறு களிமண்ணைத் தாண்டி மணல் அடுக்கைத் தொட வேண்டும். தண்ணீர் கிணற்றில் விழும் முன் சேறு படிந்து தங்க ஒரு வண்டல் தொட்டி வேண்டும். தொட்டியைச் செப்டம்பரில் தூர்வாராவிட்டால் கிணறு இரண்டே பருவமழையில் அடைத்துக்கொள்ளும்.

இனி, யாரைக் கேட்பது? ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கூட்டம் போட்டால் நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் மட்டுமே பேசுவார்கள்; நடைபாதையை அகலப்படுத்தச் சொல்வார்கள். மதியம் உணவு நேரத்தில் உட்கார இடம் தேடும் ஜவுளிக்கடைப் பெண்கள், பூக்காரர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், பை சுமந்து களைத்த வெளியூர்க் குடும்பங்கள், இவர்கள் யாரும் அந்தக் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். இவர்களுக்கு வேண்டியவை நிழல், குடிநீர், சுத்தமான கழிப்பறை. ஆகவே காலை, மதியம், மாலை, இரவு என நான்கு வேளையும், வேலைநாள் இரண்டிலும் ஞாயிறு ஒன்றிலும், திறந்திருக்கும் பகுதிக்கு யார் வருகிறார்கள் என்று எண்ண வேண்டும். பிறகு ஆறடி வரைபடம் ஒன்றை வாசலில் மூன்று வாரம் வைத்து, வேண்டியதற்குப் பச்சை, வேண்டாததற்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லலாம். எழுதத் தெரியாதவரும் பங்கெடுக்க முடியும். பெண்களுக்குத் தனி அமர்வு அவசியம். வெளிச்சம், கழிப்பறை பற்றி ஆண்கள் நடுவில் மனம்விட்டுப் பேசமாட்டார்கள். வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேச, 2022 நவம்பர் 1 அன்று கூடத் தொடங்கிய பகுதி சபைகள் இருக்கின்றன. முடிவுகளை அங்கே தீர்மானமாகப் பதிவு செய்யலாம்.

மக்கள் கேட்பதை அப்படியே வாங்கி வைப்பதும் தீர்வாகாது. திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவி எல்லோரும் கேட்பது. வெயிலில் வைத்தால் பத்து மணிக்கு மேல் கைப்பிடியைத் தொட முடியாது. பேரிங்குக்கு கிரீஸ் போட ஆளில்லையென்றால் விரைவில் துருப்பிடித்து நின்றுவிடும். உயரக் கம்பத்தில் பெரிய விளக்கு வைத்தால் மரக்கிளைக்கு மேலே வெளிச்சமும் கீழே இருட்டும்தான். 4 மீட்டர்க் கம்பங்களே சரி. பைக் நுழையாமல் வாசலில் போடும் இரும்புத் தடுப்பு சக்கர நாற்காலியையும் தடுத்துவிடுகிறது. 90 செ.மீ. வழியும், ஓரடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சரிவும் தேவை.

வரைவுத் திட்டத்துடன், ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏற்கப்பட்டதா, இல்லையென்றால் ஏன் என்று ஒரு வரியாவது பதில் எழுதி வாசலில் ஒட்டுங்கள். ஐந்தாண்டுப் பராமரிப்புச் செலவையும் அதிலேயே காட்டுங்கள். டெண்டர் அதற்குப் பிறகு வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தியாகராய நகர், சென்னை