மூன்று நாள் கெடு

ஐயா,

அமெரிக்காவில் யாரும் சோதனையின்றித் துப்பாக்கி வாங்கலாம் என்பது பாதி உண்மைதான். உரிமம் பெற்ற கடையில், வாங்குபவர் தன் விவரங்களைத் தரும் 4473 என்ற அரசுப் படிவத்தை நிரப்ப வேண்டும், அவரது குற்றப் பின்னணியும் சரிபார்க்கப்படும். ஆனால் மூன்று வேலை நாளில் முடிவு வராவிட்டால், கூட்டாட்சிச் சட்டப்படி கடைக்காரர் விற்றுவிடலாம். 2015-இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் 9 பேரைச் சுட்டுக் கொன்றவனுக்குத் துப்பாக்கி கிடைத்தது இப்படித்தான்: அவனது பழைய கைதுப் பதிவில் வேறு காவல் துறையின் பெயர் இருந்ததால், சரிபார்த்தவர் தவறான இடத்தில் ஆவணம் கேட்டுக்கொண்டிருந்தார். கெடு முடிந்துவிட்டது!

2022-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், 21 வயதுக்குட்பட்டவர் விஷயத்தில் சந்தேகம் எழுந்தால் மட்டும் கெடுவை 10 வேலை நாள்வரை நீட்டியது. மற்றவர்களுக்கு அதே மூன்று நாள்தான். ஆயுத உரிமை தரும், அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தத்தைத் தொடாமலே இந்தக் கெடுவை மாற்றலாம். விவாதமோ அந்தப் பக்கமே திரும்புவதில்லை. இன்னொரு ஓட்டையும் உண்டு: தொழிலாக விற்காத தனிநபர், தன் மாநிலத்தவருக்கு விற்றால் கூட்டாட்சிச் சட்டம் சோதனையே கேட்பதில்லை. சில மாநிலங்கள் மட்டுமே அதைக் கட்டாயமாக்கியுள்ளன.

— ஒரு வாசகர்