இலங்கை அரசுக்கு 2043 வரை தவணை, எங்களுக்கு 9 மாதம்தானா?

ஏற்றுமதி விதிகளை வகுக்கும் அதிகாரிகளுக்கும், கடன் பேச்சுகளில் இந்தியாவின் சார்பில் உட்காரும் பெரியவர்களுக்கும்,

வணக்கம். திருப்பூரில் பின்னல் துணி ஓட்டிக் கொழும்புக்கு அனுப்பிக்கொண்டிருந்த சிறிய ஏற்றுமதியாளன் நான். 2022இல் இலங்கைக்குப் போன சரக்குக்குப் பணம் வரவில்லை, அதனால் அதற்கு வாங்கிய டிராபேக்கை (ஏற்றுமதிச் சரக்குக்காக அரசு திருப்பித் தரும் வரித் தொகை) வட்டியோடு திருப்பிக் கட்டு என்று போன வாரம் நோட்டீஸ் வந்திருக்கிறது. என்னைப் போல இன்னும் சிலரிடமும் இதே நோட்டீஸ் இருக்கிறது. எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: கடன் கட்ட முடியாது என்று ஒரு நாடே அறிவித்துவிட்டால், அந்த நாட்டுக்குச் சரக்கு அனுப்பிய சிறு ஏற்றுமதியாளரிடம் டிராபேக்கையும் ஜிஎஸ்டி ரீஃபண்டையும் திருப்பிக் கேட்காதீர்கள்.

வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை அறிவித்த 2022 ஏப்ரல் 12 உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முன்பே எங்கள் துணி தூத்துக்குடியில் கப்பல் ஏறி, கொழும்பில் இறங்கி, தைத்தும் முடிந்துவிட்டது. கொழும்பு பார்ட்டி ஏமாற்றுக்காரர் இல்லை. கெடு தேதிக்கு முன்பே இலங்கை ரூபாயில் முழுத் தொகையையும் தன் வங்கியில் கட்டிவிட்டார். "அண்ணை, காசைக் கட்டிப்போட்டன், வங்கியில டொலர் இல்லையாம்" என்று போனில் சொன்னார். இருக்கிற கொஞ்ச டாலரும் எரிபொருளுக்கும் மருந்துக்கும்தான் என்றார்கள். நியாயம்தான். ஆனால் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டாலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. அவர் கட்டிய பணம் அந்த வங்கியிலேயே கிடந்தபடி பாதி பில்லுக்குச் சற்று மேலேதான் காணும் என்றானது. மீதியை மறுபடி கட்டச் சொன்னார்கள். கட்ட முடியாமல் தொழிற்சாலையை மூடினார். ஒரே பில்லுக்கு அவர் இரண்டு முறை பணம் புரட்ட வேண்டியிருந்தது, எனக்கு ஒரு முறைகூட முழுசாக வரவில்லை.

இங்கே அதே மே மாதத்தில் பஞ்சு ஒரு கண்டி (356 கிலோ) ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலைக்காக ஊரே இரண்டு நாள் கடையடைத்தது. நூல் மில்லுக்கும் சாயப்பட்டறைக்கும் கொழும்பு நிலவரம் சொல்லித் தவணை கேட்க முடியுமா? நிட்டிங் மெஷின்களில் பாதியை விற்றுத்தான் பாக்கியை அடைத்தேன்.

இலங்கைக்கு இந்தியா 2022இல் ஏறக்குறைய 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. தமிழ்நாடும் அரிசி, பால் பவுடர், மருந்து அனுப்பியது. அதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை, செய்ய வேண்டிய உதவிதான். ஆனால் அதில் பொருள் வாங்கத் தந்த கடன், புதிதாக உணவும் மருந்தும் எரிபொருளும் மூலப்பொருளும் வாங்கத்தான். ஏற்கெனவே போய்ச் சேர்ந்த சரக்கின் பில்லுக்கு அதில் இடமில்லை. அப்புறம் பிரான்ஸ், ஜப்பானோடு சேர்ந்து கடன் கொடுத்த நாடுகளின் குழுவுக்கு இந்தியாவும் இணைத் தலைமை ஏற்றது. 2024 ஜூன் 26இல் 580 கோடி டாலர் கடனுக்கு ஒப்பந்தம் ஆனது. 2028 வரை தவணை கட்ட வேண்டாம், 2043 வரை மெல்லக் கட்டலாம் என்றார்கள். கடன் வாங்கிய அரசுக்கு இத்தனை அவகாசம். அந்த அரசிடம் டாலர் இல்லாததால் பணம் வராமல் போன எனக்கு, ஏற்றுமதிப் பணத்தை இங்கே கொண்டுவர அன்றைய விதிப்படி 9 மாதம்தான் கெடு. அதற்கு மேல் நீட்டிக்க ஒவ்வொரு முறையும் வங்கியில் கெஞ்ச வேண்டும்.

விதியில் விலக்கு இருக்கிறதே என்பீர்கள். ஏற்றுமதிக் கடன் காப்பீடு ஈடு தந்திருக்க வேண்டும், ரிசர்வ் வங்கி அந்தத் தொகையைத் தள்ளுபடி செய்திருக்க வேண்டும், அங்குள்ள இந்தியத் தூதரகமும் பணம் வரவில்லை என்று சான்று தர வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் டிராபேக் தப்பும். காப்பீடு எடுக்காத சின்னப் பட்டறைக்காரன் முதல் படியிலேயே நின்றுவிடுகிறான். ஒரு நாடு திவாலானது உலகத்துக்கே தெரியும்போது, அதற்குத் தனியாகச் சான்று எதற்கு?

இது இலங்கையோடு முடிகிற விஷயமும் இல்லை. மாலத்தீவும் கடனில் தத்தளிக்கிறது. 2024 அக்டோபரில், அந்த நாடு தன் பணத்தைக் கொடுத்து 40 கோடி டாலர் வரையும் 3,000 கோடி இந்திய ரூபாய் வரையும் மாற்றி எடுத்துக்கொள்ள இந்தியா ஒப்பந்தம் போட்டது. நாமக்கல் முட்டை அந்தத் தீவுகளுக்கும் போகிறது. நாளை அங்கே வங்கியில் டாலர் இல்லை என்றால் பண்ணைக்காரர்களுக்கும் இதே நோட்டீஸ்தான் வருமா? சின்ன நாடுகளோடு வியாபாரம் செய், புதுச் சந்தை பிடி என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறீர்கள். அங்கே விழுந்தால் தாங்க யாரும் இல்லை என்றால் யார் துணிந்து போவார்கள்?

கோபமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 2022 பில்களுக்கான நோட்டீஸ்களை நிறுத்திவைக்க ஒரு சுற்றறிக்கை போதும். திவால் அறிவித்த நாட்டுக்குப் போன சரக்குக்குக் கெடுவைத் தானாகவே நீட்டித்து, டிராபேக்கும் ரீஃபண்டும் திரும்பக் கேட்கப்படாது என்று விதியில் எழுதுங்கள். பணம் வந்தால் அன்றைக்கே கணக்குக் காட்டுகிறோம். என் நோட்டீஸுக்குப் பதில் தரும் கெடு முடிவதற்குள் அந்தச் சுற்றறிக்கையை வெளியிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருப்பூர் சிறு ஏற்றுமதியாளன்